படைக்கலம் அணிந்தோம், பகைவர் யார்?

ஒவ்வொரு பங்குக் கோவிலின் முகப்பிலும் மன்றாட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். நோயுற்ற குழந்தை, வரன் அமையாத மகள், வேலை கிடைக்காத மகன், கடல்மேல் போன கணவன் என்று மக்களின் கண்ணீரெல்லாம் மடித்த சீட்டுகளாய் அதனுள் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில், அப்பெட்டியிலிருந்து எடுத்த சீட்டு ஒன்று நம்மைத் திடுக்கிட வைத்தது. இரு வீடுகளுக்கும் பொதுவான முடுக்கை அடைத்துச் சுவர் எழுப்பிய ஓரகத்தியின் குடும்பம் ஊரைவிட்டே ஓட வேண்டும். அவள் பிள்ளைகள் தலையெடுக்கக் கூடாது. அந்தக் கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தது அச்சீட்டு. அடியில், அழகிய கையெழுத்தில், எபேசியர் 6:11 என்று குறித்திருந்தது. கடவுள் அருளும் படைக்கலங்கள் அனைத்தையும் அணிந்துகொள்ளுமாறு பவுலடிகளார் அறிவுறுத்தும் இடம் அது.

அந்தச் சீட்டைக் கிழித்தெறிவது எளிது. எழுதியவளின் அறியாமையைக் கண்டு நகைப்பது அதனினும் எளிது. ஆனால் அவ்வசனத்தை அவ்வாறு வாசிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால், விரல் நம்மை நோக்கியே திரும்பும். ஆவிக்குரிய போர் என்ற பெயரில் இரவெல்லாம் ஒலிபெருக்கி அலறும் கூட்டங்கள் பிரிந்த சபையாரிடம் மட்டும் நடைபெறுவன அல்ல. நம் மேடைகளிலும் அவை ஏறிவிட்டன. வயிற்றுவலிக்கும் வியாபார நட்டத்திற்கும் எவரோ வைத்த செய்வினையே காரணம் என்று அங்கே ஆறுதல்போலச் சொல்லப்படுகிறது. ஆறுதல் தேடி வந்த பெண், தன் பகைவர் யார் என்பதை வீட்டு இலக்கத்தோடு அறிந்துகொண்டு திரும்புகிறாள்.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். அதே பங்கின் பாதுகாவலரான மிக்கேல் அதிதூதர் திருவிழாவில், நவநாள் ஒன்பதிலும் நாமே நின்று, எபேசியர் திருமுகத்தின் படைக்கலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வீரமுழக்கமாய் மறையுரை ஆற்றினோம். மக்களும் விரும்பிக் கேட்டனர். பத்தாம் நாள், சப்பரம் எந்தத் தெருவரை போகலாம், எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்ற பழைய சண்டை கிளம்பியது. அலகையை மிதித்து நிற்கும் அதிதூதரைத் தோளில் சுமந்தவர்களே ஒருவரையொருவர் மிதித்தனர். ஒன்பது நாள் மறையுரையில் ஒரு கேள்வியை மட்டும் நாம் தொடாமல் விட்டிருந்தோம். இப்படைக்கலங்கள் யாரை எதிர்க்க?

எனவே நம் வழக்கை ஒளிவுமறைவின்றி வைக்கிறோம். கிறிஸ்தவன் போர்வீரனே, அதில் ஐயமில்லை. ஆனால் மனிதர் ஒருவரைப் பகைவரென்று குறித்த அந்நொடியிலேயே அவன் கிறிஸ்துவின் படையைவிட்டு ஓடியவன் ஆகிறான்.

கடவுளின் உடை

பவுலடிகளார் இப்படைக்கலங்களை உரோமை வீரனைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. எசாயாவின் 59ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். அங்கே உண்மை பொது இடத்தில் தடுமாறி விழுகிறது. நீதி தொலைவில் நிற்கிறது. நேர்மை நுழைய வழியின்றித் தவிக்கிறது. இதைத் தட்டிக்கேட்க ஒருவருமில்லையே என்று ஆண்டவர் வியப்புறுகிறார். ஆதலால் அவரே நீதியை மார்புக்கவசமாகவும் மீட்பைத் தலைச்சீராவாகவும் அணிந்து புறப்படுகிறார் (எசா 59:14-17). சாலமோனின் ஞானநூலும் இதே கவசத்தைக் கடவுளின் மேனியில்தான் காண்கிறது (சாஞா 5:17-20). ஆக, இது முதலில் கடவுளின் உடை. ஊரில் நீதி விழுந்து கிடந்தபோது அதைத் தூக்கி நிறுத்துவதற்காக அவர் அணிந்த உடை. அதைத்தான் நமக்கு இரவலாகத் தருகிறார். அநீதிக்கு உடன்பட்டுக்கொண்டே அதனை அணிய முடியுமா?

எசாயாவின் பட்டியலில் மற்றுமோர் உடை உண்டு. பழிவாங்குதல் என்னும் ஆடை. பவுலடிகளார் மார்புக்கவசத்தை எடுத்தார், தலைச்சீராவை எடுத்தார், இந்த ஆடையை மட்டும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பழிவாங்குவதை ஆண்டவரிடம் விட்டுவிடுமாறு உரோமையருக்கு எழுதியவர் அவரே அன்றோ (உரோ 12:19)? நம் பெட்டியில் சீட்டுப் போட்ட சகோதரி கேட்டது, பவுலடிகளார் வேண்டாமென்று விட்டுவந்த அந்த ஓர் ஆடையைத்தான்.

நிற்பதற்கே படைக்கலம்

இனி, அவ்வீரன் செய்யவேண்டியது என்ன? எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் 11 முதல் 14 வரையுள்ள வசனங்களில் நிற்றல் என்னும் வினை, எதிர்த்துநிற்றல் என்ற வடிவையும் சேர்த்து, கிரேக்க மூலத்தில் நான்கு முறை வருகிறது. பாய்ந்து செல்லவோ துரத்தவோ வீழ்த்தவோ அங்கே கட்டளை இல்லை. தாக்குதற்குரிய கருவியாகக் குறிக்கப்படுவது வாள் ஒன்றே. அதுவும் கடவுளின் வாக்கு. அவ்வாக்கோ கேட்பவரின் உள்ளத்து எண்ணங்களையே ஊடுருவிச் சீர்தூக்கும் என்கிறது எபிரேயர் திருமுகம் (எபி 4:12). ஓங்குவதற்கு முன் ஓங்குபவனையே அது வெட்டும்.

இத்திருமுகத்தைப் பவுலே எழுதினார் என்பாரும், அவர்தம் மாணவர் ஒருவர் எழுதினார் என்பாரும் விவிலிய அறிஞரிடையே உளர். எவ்வாறாயினும் அங்கே பேசுபவர் விலங்கிடப்பட்ட தூதராகவே பேசுகிறார் (எபே 6:20). உரோமையில் பவுலைக் காவல் காக்கப் படைவீரன் ஒருவன் உடனிருந்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (திப 28:16). கவசம் அணிந்தவன் அந்தக் காவலன்; சங்கிலி அணிந்தவர் பவுல். அந்நிலையிலும் தம் பகைவன் அக்காவலன் என்று அவர் கொள்ளவில்லை. நம் போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு அன்று என்பதே திருமுகத்தின் தெளிந்த போதனை (எபே 6:12). நம் செபக்கூட்டங்களில் இதற்கு முந்தைய வசனம் முழங்குகிறது. இந்த வசனம் மெலிந்து போகிறது.

கேடயத்தையும் எண்ணிப் பார்ப்போம். அதற்குத் திருமுகம் இடும் கிரேக்கப் பெயர் கதவு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமைக் காலாட்படை வீரன் ஏந்திய, ஏறத்தாழ நான்கு அடி உயரமுள்ள பெருங்கேடயம் அது. தனியே நிற்பவனுக்கு அது முன்பக்கத்தையே காக்கும். வீரர் நெருங்கி நின்று, முன்வரிசையார் முன்னாலும் பின்வரிசையார் தலைக்கு மேலும் கேடயங்களைச் சேர்த்துப் பிடிக்கும்போதுதான் ஆமை ஓடு போன்ற காவல் உண்டாகும். பவுலடிகளாரின் ஏவல்களும் இங்கே பன்மையிலேயே உள்ளன. நீங்கள் அணிந்துகொள்ளுங்கள், நீங்கள் நில்லுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டாரைப் பகைத்துக்கொண்டு, நான் மட்டும் நம்பிக்கைக் கேடயம் பிடிப்பேன் என்பவர் தம் விலாவைத் தாமே திறந்து வைக்கிறார். அந்த விலாவைக் காக்கவேண்டியது ஓரகத்தியின் கேடயம் அல்லவா?

நம் மூத்தோர் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உறுதிபூசுதல் சடங்கைத் திருத்தியமைக்கும் முன், ஆயர் அருள்சாதனம் பெறுவோரின் கன்னத்தில் மெல்லத் தட்டி, அமைதி கூறி வாழ்த்துவார். கிறிஸ்துவின் வீரராய் ஆவதற்கு அன்று அளித்த ஒரே பயிற்சி அதுதான். அடிப்பதற்கு அன்று, அடி தாங்குவதற்கு. தாங்கிய பின்னும் அமைதியோடு நிற்பதற்கு.

வாளேந்திய புனிதர்கள்

நம் கோவில்களின் திருவுருவங்களே இவ்வுண்மைக்குச் சான்று. பவுலடிகளாரின் கையிலுள்ள வாள் அவர் வீசிய வாளன்று. அவர் தலையைக் கொய்ததென்று மரபு கூறும் வாள். படைவீரரான செபஸ்தியாரின் உடலில் நாம் காண்பது அவர் எய்த அம்புகளை அல்ல; அவர் ஏற்ற அம்புகளை.

ஒருவருக்கு மட்டும் வரலாறு அநீதி இழைத்தது. குதிரைமேல் வாளுயர்த்தி வரும் சந்தியாகப்பர், அதாவது செபதேயுவின் மகன் யாக்கோபு, நம் கடற்கரைச் சிற்றூர்கள் பலவற்றில் அன்போடு வணங்கப்படுபவர். மீனவ மக்களின் துயரை அறிந்த பாதுகாவலர் என்ற அம்மக்களின் பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்வுருவம் பிறந்த கதை வேறு. 844இல் கிளாவிகோ என்னுமிடத்தில் அவர் வெண்குதிரையில் தோன்றி முகம்மதியரை வெட்டி வீழ்த்தினார் என்று ஸ்பெயின் நாட்டில் பிற்காலத்தில் எழுந்த புனைவு அது. நற்செய்தி காட்டும் யாக்கோபு யார்? தம்மை ஏற்காத சமாரியர் ஊரை வானத்து நெருப்பால் அழிக்கலாமா என்று கேட்டு ஆண்டவரிடம் கடிந்துரை பெற்றவர் (லூக் 9:54-55). பின்னர் ஏரோதின் வாளுக்கு இரையானவர் (திப 12:2). வாளால் இறந்தவரின் கையில் வாளைக் கொடுத்தோம். ஆண்டவர் கடிந்துகொண்ட அதே வேகத்தை அவருக்குப் புகழாய்ச் சூட்டினோம்.

1095இல் கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் ஊர்பான் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தபோதும் இதே பிழை. மக்கள் சிலுவையை ஆடையில் தைத்துக்கொண்டு புறப்பட்டனர். 1099இல் எருசலேம் நகரின் முகம்மதியரும் யூதரும் அச்சிலுவையைக் கண்டவாறே கொல்லப்பட்டனர். 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குத் தொண்டு செய்வதாய் எண்ணித் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்டதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். மன்னிப்புக் கேட்க ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

கெத்சமனியில் பேதுரு வாளை உருவியபோது ஆண்டவர் ஒரு நொடியும் காத்திருக்கவில்லை. வாளை உறையில் இடச் சொன்னார்; வெட்டுண்ட காதைத் தொட்டு நலமாக்கினார் (யோவா 18:10-11; லூக் 22:51). பாடுகளுக்கு முன் அவர் கைகள் ஆற்றிய இறுதிக் குணமளிப்பு, தம்மைப் பிடிக்க வந்தவனுக்கு.

போரே வேண்டாமா?

இங்கே கற்றறிந்த அன்பர் சிலர் குறுக்கிடுவர். இவ்வளவு தீங்கு விளைத்த உருவகத்தை ஏன் சுமக்க வேண்டும்? சமயப் பகை மலிந்த இந்நாட்டில் வாளும் கேடயமும் எதற்கு? அன்பு, உரையாடல், அமைதி என்று மட்டும் பேசினால் என்ன? நன்மனத்தோடு எழும் கேள்வி. ஆயினும் இதனை ஏற்பதற்கில்லை.

தீமை உறங்குவதில்லை. மனித வரலாறு முழுவதிலும் இருளின் ஆற்றல்களுக்கு எதிரான கடும்போர் ஊடுருவி நிற்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் (எண் 37) எடுத்துரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018இல் புனிதத்துவம் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில் ஓர் அதிகாரத்தையே ஆன்மிகப் போராட்டத்திற்கும் விழிப்புக்கும் ஒதுக்கினார். ஏழைகளோடும் பிற சமயத்தாரோடும் தோழமை பூண்ட அவர், அலகையை வெறுங்கதை என்று கொள்ள வேண்டாமென அதில் எச்சரித்தார்.

போரே இல்லை என்பவர் அமைதியில் வாழ்வதில்லை, உறக்கத்தில் வாழ்கிறார். உறங்குபவரின் வீட்டில் திருடன் சண்டையிட வேண்டியதில்லை. வட்டிக்கடை, வரதட்சணை, மதுக்கடை, சாதி ஆகியவற்றோடு நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் எவ்வித மோதலுமின்றி வாழ்கின்றன. அதைச் சமாதானம் என்று அழைப்பவர், தோற்றுப்போனதை மறைக்கிறார். ஒரு பக்கம் அண்டை வீட்டாரோடு போரிடும் பக்தர். மறு பக்கம் எதனோடும் போரிடாத அறிவாளர். இருவரும் உண்மையான பகைவனைக் கோட்டைக்குள் விட்டுவிட்டனர்.

இரண்டு கொடிகள்

அப்பகைவன் எப்படி நுழைகிறான் என்பதை ஒரு படைவீரரே நமக்குக் காட்டினார். 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1522இல் மொன்செராத் அன்னையின் பீடத்தின் முன் தம் வாளைக் கழற்றி வைத்தார். அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகளில் இரு கொடிகளைப் பற்றிய தியானம் ஒன்று உண்டு. பகைவன் முதலில் செல்வ ஆசையை ஊட்டுவான். அதன்வழி உலகத்தாரின் மரியாதையைத் தேட வைப்பான். அங்கிருந்து செருக்கில் தள்ளுவான். கிறிஸ்துவின் கொடியோ வறுமைக்கும் சிறுமைக்கும் தாழ்ச்சிக்கும் அழைக்கும்.

மரியாதை! இச்சொல்லைப் படிக்கையில் நம் திருவிழாக்கள் கண்முன் வரவில்லையா? கொடிக்கயிற்றை முதலில் தொடுவது யார் கை? சப்பரத்தின் முன்கொம்பு யார் தோளுக்கு? மாலை முதலில் யார் கழுத்துக்கு? புனிதரின் கொடியைத்தான் ஏற்றுகிறோம். ஆனால் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது உயர்வது எந்தக் கொடி?

நம் மண்ணின் புனிதர் ஒருவரை நினைவுகூர்வோம். நீலகண்டபிள்ளை என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், 1745இல் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றது நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில். அவரை விசுவாசத்திற்கு அழைத்தவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர். துன்புற்றிருந்த நண்பருக்கு அந்தத் தளபதி எடுத்துக் கொடுத்தது யோபுவின் நூலை. சாதி வேறுபாடின்றி எல்லாரும் சமம் என்று வற்புறுத்தியது மேலோர் எனப்பட்டாரின் வெறுப்பைத் தேவசகாயத்தின்மேல் மூட்டியது. 1749இல் கைதானார், விலங்கோடு வதைபட்டார், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பவுலடிகளாரைப் போலவே இவரும் விலங்கிடப்பட்ட தூதர். நின்று வென்ற வீரர்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோவில் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு, ஒரு சாதியார் மறு சாதியாரோடு கலவாமல் திருப்பலி காண்பதற்கு ஏற்பாடு. அதற்கு இசைந்தவர்கள் குருக்களே. 1910இல் அப்பிரிவினை இடித்து அகற்றப்பட்டபோது வழக்குத் தொடுத்தவர்கள் கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பேரால் கோவிலில் தனியிடம் கோரும் உரிமையை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. பீடத்தினின்று பிறந்திருக்க வேண்டிய நீதி, நீதிமன்றத்தினின்று பிறந்தது. அச்சுவர் போயிற்று. சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் அதன் உடன்பிறப்புகள் இன்றும் நிற்கின்றன.

படைக்கலங்களை அணிந்துகொள்ளுங்கள் என்பதற்குப் பவுலடிகளார் ஆளும் வினைச்சொல்லே கலாத்தியர் திருமுகத்திலும் வருகிறது. திருமுழுக்குப் பெற்ற யாவரும் கிறிஸ்துவை அணிந்துகொண்டனர். ஆகவே யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக்குடிமகன் என்ற பிரிவு இனி இல்லை என்கிறார் (கலா 3:27-28). கவசம் என்பது கிறிஸ்துவே. சாதியை உள்ளாடையாக வைத்துக்கொண்டு அதன்மேல் கிறிஸ்துவை அணிய இயலாது. அணிந்ததாகக் காட்டினால், அது கவசம் அன்று, வேடம்.

இடையில் கட்டிய துண்டு

அப்படியானால் ஆயத்தம் என்பது என்ன? ஆண்டவர் தம் சீடரிடம் இடையை வரிந்து கட்டிக்கொண்டு, விளக்கேற்றி விழித்திருக்கச் சொன்னார் (லூக் 12:35). அவ்வாறு விழித்திருக்கும் பணியாளரைக் கண்டதும் தலைவர் என்ன செய்வார்? தாமே இடையைக் கட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியில் அமர்த்திப் பணிவிடை செய்வார் என்றார் (லூக் 12:37). சொன்னதை இறுதி இராவுணவில் செய்தும் காட்டினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடரின் காலடியில் குனிந்தார் (யோவா 13:4-5).

துண்டைத் தோளில் போடுவது யார், இடுப்பில் கட்டுவது யார் என்று சாதி பார்த்து வகுத்த நாடு இது. நம் முன்னோரில் எத்தனை பேர் ஒரு தெருவுக்குள் நுழையுமுன் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டியிருந்தது! தோளில் போட உரிமையுள்ள ஆண்டவர் அதைத் தாமே இடுப்பில் கட்டினார். உண்மையின் இடைக்கச்சையை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அந்தச் சகோதரியை அழைத்தோம். இரு குடும்பங்களின் பெயரையும் சொல்லியே திருப்பலி ஒப்புக்கொடுப்போம் என்றோம். சினந்து எழுந்து போனாள், சில வாரம் கோவிலுக்கு வரவில்லை, பின்னர் வந்தாள். நாம் அப்பங்கை விட்டு மாறுதலாகும்வரை முடுக்குச் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. மறு ஆண்டுத் திருவிழாவில், சப்பரம் எல்லாத் தெருக்களிலும் போகட்டும், இல்லையேல் கோவிலைவிட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சப்பரம் இறங்கவில்லை. பாதுகாவலரை அவமதித்த குரு என்று ஆயர் இல்லத்துக்கு மனுக்கள் போயின. எதையும் வென்றதாக நாம் சொல்லிக்கொள்ளவில்லை. நிற்கத்தானே நமக்குக் கட்டளை?

இறைமக்களே, உங்கள் பங்கிலும் திருவிழா வரும், கொடி ஏறும். அதற்கு முந்தின இரவு, மன்றாட்டுச் சீட்டில் யாருடைய பெயரைப் பகைவராய் எழுத நினைத்தீர்களோ, அவர் வீட்டு வாசலுக்கு ஒருமுறை நடந்து செல்லுங்கள். அமைதியின் நற்செய்திக்கென்று அணிந்த மிதியடி அதற்காகத்தான் தரப்பட்டிருக்கிறது.